இரு சில்லிலும் நாற்சில்லிலும் வென்றவர்

இரண்டு தோணியிற் கால் வைத்தல் ஆகாது என்பது நம் பெரியோர் இளைஞருக்கு வழக்கமாகக் கூறும் அறிவுரை. ஒரு கலையைக் கசடறக் கற்பதற்கே ஓர் ஆயுட்காலம் போதாதிருக்க, இரண்டினைப் பற்றுபவன் இரண்டினையும் இழப்பான் என்பது அதன் கருத்து. விளையாட்டுத் துறையில் இவ்வுண்மை பெரிதும் பொருந்தும். அதற்கு விலக்காய் அமைந்த ஒருவரின் வரலாற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மோட்டார்ச் சைக்கிளோட்டத்துக்குரிய உலகச் சம்பியன் பட்டம் 1949 ஆம் ஆண்டிலும், மோட்டார்க் காரோட்டத்துக்குரிய உலகச் சம்பியன் பட்டம் 1950 ஆம் ஆண்டிலும் ஏற்பட்டன. அன்று தொட்டு இன்றுவரை இவ்விரு துறைகளின் உச்சிப் பட்டங்களையும் ஒருங்கே பெற்றவர் ஒருவரே. அவர் ஜோன் சேர்ட்டீஸ் என்னும் ஆங்கிலேயர். மோட்டார்ச் சைக்கிளிலே 7 முறையும் காரிலே ஒரு முறையும் அவர் உலகச் சம்பியனானார். அவருக்குப் பின் இம்முயற்சியில் இறங்கியோர் சிலர். சைக்கிளோட்டத்தில் 9 முறை உலகச் சம்பியனாகிய மைக் ஹெயில்வுட் காரோட்டத்தின் முதல் வகுப்பிலே ஒரு போட்டியையேனும் வென்றிலர். 1975 ஆம் ஆண்டின் 350 கன சென்ரிமீற்றர் வகுப்புச் சம்பியனாகிய ஜொனி செக்கோட்டோ, காரோட்டத்தின் அதே வகுப்பில் ஒரு புள்ளிக்கு மேற் பெற்றிலர். இவர்கள் துணிவிலோ திறமையிலோ குறைந்தவரல்லர். அவ்வாறாயின் சேர்ட்டீஸ் ஒரு துறையிலிருந்து மற்றத் துறைக்கு எடுத்துச் சென்ற பொருள் யாது?

இவ்வினாவுக்கு விடை காண்பதற்கு, அவ்விரு ஓட்டங்களுக்கும் உள்ள வேற்றுமையை முதலில் அறிதல் வேண்டும். மோட்டார்ச் சைக்கிள் வளைவிலே உட்புறமாய்ச் சாய்ந்து திரும்புவது. எவ்வளவு சாய்தல் வேண்டும் என்பது வேகத்தையும் வளைவின் கூர்மையையும் பொறுத்தது. ஓட்டுபவரின் உடலும் அப்பொறியின் ஓர் உறுப்பேயாகும். அவர் முன்னே குனிதலும் பின்னே நகர்தலும் பக்கஞ் சாய்தலும் வண்டியின் போக்கை மாற்றும். முற்சில்லின் பிறேக்கைக் கையினாலும் பிற்சில்லின் பிறேக்கைக் காலினாலும் அவர் தனித்தனியே இயக்குவர். நிலத்தைப் பற்றியிருப்பவை இரண்டு ரயர்களின் மிகச் சிறிய பரப்புகளே. வளைவிலே முற்சில்லு வழுக்குமாயின் விழாது மீளுதல் அரிதினும் அரிது.

காரின் இயல்போ வேறு. அது வளைவில் உட்புறஞ் சாய்வதில்லை. அதன் பாரம் வெளிப்புறச் சில்லுகளின் மேற் செல்லும். பிறேக்கை மிதித்தால் பாரம் முன்னே வரும். விசையைக் கூட்டினாற் பின்னே போகும். போட்டி வேகத்திலே நான்கு சில்லுகளும் ஓரளவு வழுக்கிய வண்ணமே வளைவைக் கடக்கும். அவ்வழுக்கலைச் சுக்கானாலும் விசைமிதியாலும் அடக்கியாள்வதே காரோட்டும் கலை. ஓட்டுபவர் தம் உடலை அசைத்துச் செய்யக்கூடியது ஒன்றுமில்லை. அவர் அசையாது அமர்ந்திருப்பவர். எனவே சைக்கிளோட்டியின் உடற்பழக்கங்கள் காரிலே அவருக்குப் பெரிதும் உதவுவதில்லை; சில வேளைகளில் அவை இடையூறாகவும் அமையலாம். மாறாது நிற்பது ஒன்று உண்டு. ரயர் நிலத்தை எவ்வளவிற்குப் பற்றுகின்றது, அப்பற்று எப்போது அறும், அதற்குப் பொறியின் எவ்வுறுப்புக் காரணம் என்பவற்றை உணரும் அறிவே அது. சேர்ட்டீஸ் எடுத்துச் சென்றது அவ்வறிவேயாம். அதற்கு அவர் வரலாறே சான்று.

சேர்ட்டீஸ் 1934 ஆம் ஆண்டு பெப்ரவரி 11 ஆந் தேதி இங்கிலாந்தின் சறே மாவட்டத்திலுள்ள தற்ஸ்பீல்ட் என்னும் ஊரிற் பிறந்தார். தந்தையார் தென் இலண்டனில் மோட்டார்ச் சைக்கிள் வாணிகஞ் செய்தவர். பக்கப்பெட்டி பூட்டிய சைக்கிளிற் புற்றரைப் பந்தயங்கள் ஓடியவர். மைந்தன் முதன்முதல் போட்டிக் களத்தைக் கண்டது தந்தையாரின் பக்கப்பெட்டியில் அமர்ந்தேயாம். அப்போட்டியில் அவர்கள் வென்றனர். ஆயினும் பையனின் வயது விதிக்குப் போதாதெனக் கண்ட நடுவர் வெற்றியைத் தள்ளிவிட்டனர். 16 ஆம் வயதில் அவர் வின்சென்ற் மோட்டார்ச் சைக்கிள் தொழிற்சாலையிலே தொழில் பயிலுநராகச் சேர்ந்தார். பொறிகளைக் கழற்றுதல், பூட்டுதல், பழுது காணுதல் ஆகியவற்றை நாள்தோறும் கைகளாற் செய்து கற்றார். தாம் திருத்திய பொறியைத் தாமே ஓட்டிப் பார்க்கும் வாய்ப்பு அவருக்குக் கிட்டியது. அவருடைய கல்வியின் அடித்தளம் இதுவே.

1951 ஆம் ஆண்டிலே தறக்ஸ்ரன் என்னுமிடத்தில் நடந்த போட்டியில், அக்காலப் பெருவீரராகிய ஜெவ் டியூக்கை அவர் நெருங்கி ஓடியபோது நாடு அவர் பெயரை அறிந்தது. 1955 இல் நோர்ட்டன் நிறுவனம் அவரைத் தன் ஓட்டவீரராக ஏற்றது. அவ்வாண்டிலே சில்வர்ஸ்ரோன், பிறாண்ட்ஸ் ஹச் ஆகிய இரு களங்களிலும் அவர் டியூக்கை வென்றார். நோர்ட்டன் நிறுவனம் பொருள் முடையால் தளர்ந்திருந்தமையின், இத்தாலியிலுள்ள எம்.வி. அகுஸ்தா நிறுவனத்தின் அழைப்பை ஏற்று 1956 இல் அதனிடஞ் சென்றார்.

அவ்வாண்டிலேயே 500 கன சென்ரிமீற்றர் வகுப்பில் அவர் உலகச் சம்பியனானார். இவ்வெற்றிக்குச் சூழ்நிலையும் துணை செய்தது. ஓட்டவீரர் கூடுதலான ஊதியங் கேட்டுச் செய்த வேலைநிறுத்தத்தை ஆதரித்தமைக்காக டியூக் ஆறு மாதம் போட்டிகளிலிருந்து விலக்கப்பட்டிருந்தார். சேர்ட்டீஸ் முதல் மூன்று போட்டிகளையும் வென்றார். அதன்பின் யேர்மனியிலே கைமுறிந்து ஒதுங்கியபோதும், முன்பு பெற்ற புள்ளிகளே பட்டத்துக்குப் போதியனவாயின. 1957 இல் அவர் மூன்றாமிடத்துக்குப் பின்தள்ளப்பட்டார். அவ்வாண்டின் முடிவிலே கிலேரா, மொட்டோ குட்சி ஆகிய பெரும் நிறுவனங்கள் போட்டியிலிருந்து விலகிக்கொண்டன.

அதன் பின் மூன்று ஆண்டுகள் அவரை எதிர்ப்பாரில்லை. 1958, 1959, 1960 ஆகிய ஆண்டுகளில் 350, 500 ஆகிய இரு வகுப்புகளிலும் அவரே உலகச் சம்பியன். 1959 இல் அவ்விரு வகுப்புகளிலும் நடைபெற்ற 13 உலகப் போட்டிகளையும் ஒன்று விடாது வென்றார். ஏறக்குறைய 38 மைல் நீளமுடைய மலைப்பாதையையும் ஊர்த்தெருக்களையும் கொண்ட மான் தீவின் போட்டிக்களத்திலே, 500 கன சென்ரிமீற்றர் வகுப்பினர் ஓடும் முதன்மைப் போட்டியைத் தொடர்ந்து மூன்று ஆண்டுகள் வென்ற முதல் வீரரும் அவரே. வலிய எதிரிகள் விலகியபின் பெற்ற வெற்றி எளியது எனச் சிலர் கூறலாம். அது முழுதும் பொய்யன்று. ஆயினும் எதிரி இல்லாதபோதும் தவறின்றி ஓடுதல் தனியொரு கட்டுப்பாடு. மான் தீவின் கற்சுவர்களுக்கு நடுவே செய்யும் ஒரு சிறு பிழைக்கும் விலை உயிரே. இத்தாலிய மக்கள் அவரைக் ‘காற்றின் மைந்தன்’ என அழைத்தனர். வாயுமைந்தர் இருவரின் கதை கேட்டு வளர்ந்த நமக்கு அப்பெயரின் பெருமை விளங்காமற் போகாது.

அவர் காருக்கு மாறியது எவ்வாறு? 1960 ஆம் ஆண்டிலே அகுஸ்தா நிறுவனம், உலகச் சம்பியன் போட்டிகள் ஒழிந்த ஏனைய சைக்கிள் போட்டிகளில் அவர் விரும்பியவாறு ஓடுவதைக் கட்டுப்படுத்தியது. ஒப்பந்தத்திலே கார்களைப் பற்றிய தடை ஏதும் இருக்கவில்லை. ஓய்ந்திருக்கும் இயல்பில்லாத சேர்ட்டீஸ் அவ்வாண்டின் தொடக்கத்திலே குட்வுட் களத்தில், கென் ரிறெல் என்பாரின் கூப்பர்க் காரில் முதன்முதற் போட்டியிட்டார். அவருக்கு முன்னே ஓடி முடித்தவர் ஜிம் கிளார்க் ஒருவரே. சில மாதங்களுள் லோட்டஸ் அணியினர் அவரை முதல் வகுப்புப் போட்டிகளுக்கே அழைத்தனர். தமது இரண்டாவது உலகப் போட்டியாகிய பிரித்தானியப் போட்டியில் இரண்டாமிடத்தையும், மூன்றாவதாகிய போர்த்துக்கல் போட்டியின் தகுதி ஓட்டத்தில் முதலிடத்தையும் பெற்றார். அதே கோடையிற்றான் அவர் மோட்டார்ச் சைக்கிளிலும் இரு உலகப் பட்டங்களை வென்றுகொண்டிருந்தார்.

அவ்வாண்டு முடிவில் சைக்கிளோட்டத்தை விட்டு முற்றாகக் காரோட்டத்துக்கு வந்தார். 1961 இல் கூப்பர், 1962 இல் லோலா ஆகிய கார்களை ஓட்டியபின், 1963 இல் இத்தாலியின் பெராரி நிறுவனத்தில் அமர்ந்தார். அவ்வாண்டே நூர்புர்க்ரிங் என்னும் யேர்மானியக் களத்திலே காரில் தமது முதல் உலகப் போட்டி வெற்றியைப் பெற்றார்.

1964 ஆம் ஆண்டின் வரலாறு ஒரு நாடகம் போன்றது. பெராரி நிறுவனம் ஆண்டின் முற்பாதியில் லெ மான் என்னும் 24 மணிநேர ஓட்டத்துக்குரிய கார்களிலேயே கருத்தூன்றியிருந்தது. அதனால் முதல் ஐந்து போட்டிகளின் முடிவில் கிளார்க் 30 புள்ளியும் கிரகாம் ஹில் 26 புள்ளியும் பெற்றிருக்க, சேர்ட்டீஸ் பெற்றவை 10 மட்டுமே. பிற்பாதியிலே நிலை மாறியது. யேர்மனியிலும் இத்தாலியிலும் அவர் வென்றார். அமெரிக்காவில் இரண்டாமிடம் பெற்றார். இறுதிப் போட்டி ஒக்டோபர் 25 ஆந் தேதி மெக்சிக்கோவில் நடைபெற்றது. அப்போது ஹில் 39, சேர்ட்டீஸ் 34, கிளார்க் 30 என நின்றனர். முதலிடத்துக்கு 9, இரண்டாமிடத்துக்கு 6, மூன்றாமிடத்துக்கு 4 என்பது அக்காலப் புள்ளிமுறை. ஒருவரின் சிறந்த ஆறு முடிவுகளே கணக்கிற் கொள்ளப்படும்.

ஓட்டத்தின் நடுவிலே சேர்ட்டீஸின் அணித் தோழராகிய லொறென்சோ பண்டினியின் கார் ஹில்லின் காரை மோதியது. ஹில் பின்தங்கினார். முன்னே ஓடிய கிளார்க்குக்கே பட்டம் உறுதி எனத் தோன்றியவேளை, முடிவுக்கு மிக அண்மையில் அவருடைய எஞ்சின் எண்ணெய் ஒழுகி நின்றுபோயிற்று. டான் கேர்ணி முதலிடத்துக்கு வந்தார், பண்டினி இரண்டாமவர், சேர்ட்டீஸ் மூன்றாமவர். அந்நிலையில் ஓட்டம் முடிந்தால் சேர்ட்டீஸின் புள்ளி 38, பட்டம் ஹில்லுக்கே. அணியினர் சைகை காட்ட, பண்டினி வழிவிட்டார். சேர்ட்டீஸ் 40 புள்ளியுடன், ஒரேயொரு புள்ளி மிகையாக, உலகச் சம்பியனானார். ஊழின் கை இதில் உண்டு என்பதை மறுத்தல் இயலாது. ஆனால் 10 புள்ளியோடு பின்தங்கி நின்றவர், ஊழ் கைகொடுக்கக்கூடிய தூரத்துக்குத் தம் முயற்சியாலேயே வந்து சேர்ந்தார் என்பதையும் மறத்தலாகாது.

வெற்றியின் மறுபக்கத்தை அடுத்த ஆண்டு காட்டியது. 1965 செப்டெம்பர் 25 ஆந் தேதி கனடாவின் மொஸ்போட் களத்தில் லோலாக் காரை ஓட்டிப் பழகுகையில், முற்சில்லைத் தாங்கும் உறுப்பொன்று முறிந்து கார் தூக்கி எறியப்பட்டது. அவருடைய உடலின் ஒரு பக்கம் மற்றப் பக்கத்தைவிட 4 அங்குலங் குறுகிப்போயிற்று. மருத்துவர்கள் உடலை இழுத்து நீட்டியே அவ்வேறுபாட்டை ஓர் அங்குலத்துக்குட் குறைத்தனர். இனி நடப்பாரோ என ஐயுறப்பட்டவர், அடுத்த ஆண்டின் இளவேனிலிலே கொட்டும் மழையில் மொன்சாக் களத்தின் 1000 கிலோமீற்றர் போட்டியை மைக் பாக்ஸ் என்பவருடன் சேர்ந்து வென்றார். யூன் 12 ஆந் தேதி பெல்ஜியத்தின் ஸ்பாக் களத்திலே, திடீரெனப் பெய்த மழையிற் பலர் முதற் சுற்றிலேயே வழுக்கி விழ, அவரே முதல்வராய் வந்தார்.

அவ்வெற்றி பெற்று ஒரு கிழமை கழியுமுன் அவர் பெராரியை விட்டு நீங்கினார் என்றால் வியப்பாகும். லெ மான் ஓட்டத்தில் அவருடைய இடத்தைப் பற்றி அணி முகாமையாளராகிய யூஜேனியோ திராகோனியுடன் எழுந்த பிணக்கே காரணம். இருவருக்குமிடையே நெடுநாட் கசப்பு இருந்தது. பொறியைப் பற்றித் தாம் கண்டதை ஒளியாது உரைப்பவர் சேர்ட்டீஸ். கட்டளையிடுவோர் அதனை விரும்புவதில்லை. அப்பிரிவினால் இரு திறத்தாரும் இழந்தனர். சேர்ட்டீஸ் கூப்பர்க் காரில் அவ்வாண்டின் இரண்டாமிடத்தையே பெற்றார். பெராரி நிறுவனத்துக்கோ அடுத்த ஓட்டவீரர் பட்டம் 1975 ஆம் ஆண்டிலேயே கிட்டியது.

1967 இல் அவர் சப்பானிய ஹொண்டா நிறுவனத்தோடு சேர்ந்தார். அவர்களுடைய எஞ்சின் வலியது. ஆயினும் கார் பாரம் மிக்கது. குறையைக் கண்ட சேர்ட்டீஸ், லோலாத் தொழிலகத்தாரின் உதவியோடு புதுக் காரொன்று உருவாக வழிசெய்தார். அக்கார் தனது முதற் போட்டியிலேயே, மொன்சாவில், ஜாக் பிறபாமை 0.2 செக்கனால் முந்தி வென்றது. அதுவே சேர்ட்டீஸ் காரிற் பெற்ற ஆறாவதும் இறுதியுமான உலகப் போட்டி வெற்றி.

அவர் வரலாற்றில் நாம் மிக ஆழ்ந்து நோக்கவேண்டியது 1968 ஆம் ஆண்டு நிகழ்ச்சி. நீரினாற் குளிர்விக்கப்படாது காற்றினாற் குளிர்விக்கப்படும் எஞ்சினைக் கொண்டதும், மக்னீசியம் என்னும் இலேசான உலோகத்தாற் பெரிதும் அமைந்ததுமான புதுக் காரொன்றை ஹொண்டா நிறுவனம் ஆக்கியது. மக்னீசியம் தீப்பற்றின் அதனை அணைத்தல் மிகக் கடினம் என்பதை இரசாயனங் கற்கும் மாணவர் அறிவர். சேர்ட்டீஸ் அக்காரை ஓட்டிப் பார்த்தார். அது போட்டிக்கு ஆயத்தமாகவில்லை, உயிருக்கு இறுதி விளைப்பது எனக் கூறி ஓட்ட மறுத்தார். ஆயினும் யூலை 7 ஆந் தேதி பிரான்சின் றுவான் களத்தில் நடந்த போட்டிக்கு அக்கார் அனுப்பப்பட்டது. ஜோ ஷ்லெசர் என்னும் பிரெஞ்சு வீரர் அதனை ஓட்டினார். தொடக்கச் சுற்றுகளிலேயே அது களத்தை விட்டு விலகி மோதித் தீப்பற்றியது, ஷ்லெசர் உயிரிழந்தார். அதே போட்டியில் ஹொண்டாவின் பழைய காரை ஓட்டிய சேர்ட்டீஸ் இரண்டாமவராய் முடித்தார். ஆண்டு முடிவில் ஹொண்டா நிறுவனம் போட்டியிலிருந்து விலகியது.

இந்நிகழ்ச்சி நம் வினாவுக்குரிய விடையைத் தெளிவாக்குகின்றது. ஓட்டவீரருக்கு வேண்டியது அஞ்சாமை எனப் பொதுமக்கள் கருதுவர். அஞ்சாமை இருவரிடமும் இருந்தது. மழையிலும் ஸ்பாவை வென்றவரைக் கோழை என யார் கூறுவர்? ஆனால் எதற்கு அஞ்சவேண்டும் என்பதைப் பொறியிடமிருந்தே கேட்டறியும் பயிற்சி சேர்ட்டீஸுக்கு இருந்தது. வின்சென்ற் தொழிற்சாலையில் 16 வயதிற் கற்ற பாடம், 34 ஆம் வயதில் அவரை மறுக்கச் செய்தது. அவ்வறிவே இரு சில்லிலிருந்து நாற்சில்லுக்கு அவருடன் வந்தது.

அவருடைய குறைகளையுங் கூறுதல் முறை. 1970 இல் அவர் தம் பெயரால் ஓர் அணி அமைத்துத் தாமே கார்களை ஆக்குவித்தார். 1972 இல் மைக் ஹெயில்வுட் அவருடைய காரில் இரண்டாம் வகுப்பின் ஐரோப்பியச் சம்பியனானார். முதல் வகுப்பிலோ 1978 இல் அணி மூடப்படும்வரை ஓர் உலகப் போட்டியேனும் வெல்லப்படவில்லை. பொருள் முடை ஒரு காரணம். எல்லாவற்றையும் தாமே செய்ய முற்பட்டமை மற்றொரு காரணம் எனப் பலர் குறைகூறினர். தன் கையால் யாவுஞ் செய்யக் கற்றவனுக்குப் பிறர் கையில் ஒன்றை ஒப்படைத்தல் எளிதன்று.

முதுமையில் அவருக்கு நேர்ந்த துயர் பெரிது. அவர் மைந்தர் ஹென்றியும் காரோட்ட வீரர். 2009 யூலை 19 ஆந் தேதி பிறாண்ட்ஸ் ஹச் களத்தில், வேறொரு காரிலிருந்து கழன்ற சில்லொன்று தலையிற் பட்டு, 18 வயதிலே அவர் இறந்தார். தந்தையார் டியூக்கோடு போட்டியிட்டு வென்ற அதே களம் அது. எவ்வளவு அறிந்தவராயினும் அறிவினாற் காக்க இயலாததும் ஒன்றுண்டு என்பதை அவ்விழப்பு உணர்த்தியது. சேர்ட்டீஸ் துயரில் முடங்கிவிடவில்லை. மைந்தரின் பெயரால் ஓர் அறநிலையத்தை நிறுவி, விபத்திலே மூளையிற் காயமுற்றோருக்கு உதவும் பணியில் ஈடுபட்டார். 2017 மார்ச் 10 ஆந் தேதி தமது 83 ஆம் வயதில் அவர் காலமானார்.

இரண்டு தோணியிற் கால் வைத்தவர் என அவரைக் கூறுதல் பொருந்துமா? ஆழ்ந்து நோக்கின் அவர் பற்றிய துறை ஒன்றே. சில்லு இரண்டாயினும் நான்காயினும், இயங்கும் பொறியை அறிதல் என்பதே அத்துறை. பாடங்கள் பல கற்கும் நம் மாணவர்க்கும் இது கருதத்தக்கது. பழக்கத்தால் வந்த திறமை தன் களத்தை விட்டு நீங்கினால் தளரும். காரணம் அறிந்து கற்ற கல்வியோ களம் மாறினும் உடன் வரும். வெல்லும் வழியைக் காட்டுவதோடு அது அமையாது, செய்யத் தகாததை மறுக்கும் உரத்தையும் தரும்.